இசைத்தட்டும் அமைதியும்

இசைத்தட்டின் மீது ஊசி இறங்குவதற்கும் முதற் சுரம் எழுவதற்கும் இடையில் ஓரிரு செக்கன்கள் கழிகின்றன. இசையன்பர்க்கு அந்தச் சிறு இடைவேளை, கோயிலில் திரை விலகுமுன் நிலவும் அமைதியைப் போன்றது. அவ்வமைதிக்குள் ஒரு வண்டின் ரீங்காரம் புகுந்துவிட்டால், பின்னர் வரும் வீணையின் இனிமையிற் பாதி போய்விடுகின்றது. நாதஸ்வரத்தின் முழக்கம் அந்த ரீங்காரத்தை மறைத்துவிடும். ஆனால், மீட்டிய தந்தி மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் அந்தக் கடைசி இழையை அது விழுங்கிவிடும்.

இறுவட்டு வந்தபின் இசைத்தட்டு மறைந்துவிடும் எனப் பலர் எண்ணினர். அது மறையவில்லை, இன்று பல நாடுகளில் புதிய தட்டுகள் மீண்டும் வெளிவருகின்றன. அவற்றுடன் பழைய வால்வுக் கருவிகளின் மீதும் பலருக்கு விருப்பம் திரும்பியிருக்கின்றது. தட்டின் நுண்ணிய மின்குறியை வளர்த்துத் தரும் முன்பெருக்கியை, வால்வு உடையதாகவும் சமநிலை இணைப்பு உடையதாகவும் தேடி, பெரும் பணம் கொடுத்து வாங்குவோர் உளர். வாங்கிய பின்னும் இரைச்சல் நீங்காமல் மனம் வருந்துவோரும் உளர். காரணம் யாது? அமைதி கருவியின் பெயரில் இல்லை. இரைச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோயை அறிந்தவரே மருந்தைத் தேர முடியும்.

முதலில் இக்கருவியின் வேலையைப் பார்ப்போம். கார்ட்ரிட்ஜ் எனப்படும் ஊசித்தலையில் இருவகை உண்டு. அசையும் காந்த வகை ஏறக்குறைய 5 மில்லிவோல்ற்றுத் தரும். அசையும் சுருள் வகையிற் பல 0.3 மில்லிவோல்ற்று அளவே தரும். கைவிளக்கில் இடும் 1.5 வோல்ற்று மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு! முன்னதை ஏறத்தாழ 100 மடங்கும் பின்னதை 1,000 மடங்கும் பெருக்கினால்தான் அடுத்த கருவிக்கு அது போதும்.

இன்னொரு பணியும் உண்டு. தட்டை வெட்டும்பொழுது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களை மிகுத்தும் பதிவு செய்கின்றனர். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலாளர் சங்கமன்று, ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமே வகுத்த இந்த நியமம் பின்னர் உலகெங்கும் பரவியது. மீட்கும்பொழுது முன்பெருக்கி இதனைத் தலைகீழாகச் செய்து சமன் செய்கின்றது. ஆகவே, நடுத்தரச் சுரங்களோடு ஒப்பிடும்போது, செக்கனுக்கு 50 தடவை அதிரும் ஒலி 7 மடங்கு மிகையாகப் பெருக்கப்படுகின்றது. இலங்கையின் வீட்டு மின்சாரம் அதிர்வதும் செக்கனுக்கு 50 தடவையே. சுவருக்குள் ஓடும் மின்சாரம் ஒலிபெருக்கியில் வந்து ரீங்கரிப்பது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

இந்த ரீங்காரமே முதற் குற்றம். இதற்குரிய மருந்துதான் சமநிலை இணைப்பு. சாதாரண இணைப்பில் இசை ஒரு கம்பியிற் சென்று, அதனைச் சூழ்ந்த கவசத்தின் வழியே திரும்புகின்றது. கவசத்திற் பிடிபடும் மின்குறும்பும் இசையுடன் கலந்துவிடுகின்றது. சமநிலை இணைப்பில் ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகள் இசையைச் சுமக்கின்றன. கவசம் காவலுக்கு மட்டும் நிற்கின்றது. தோணியில் இருவர் நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அலை வந்து தோணியை உயர்த்தினால் இருவரும் ஒருங்கே உயர்வர். அவர்களுடைய உயரங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு மாறாது. அவ்வாறே வெளியிலிருந்து வரும் குறும்பு இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குகின்றது. கருவியோ இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. தொலைபேசிக் கம்பிகளும் வானொலி நிலையங்களின் ஒலிவாங்கிக் கம்பிகளும் நெடுந்தூரம் சென்றும் தூய்மை கெடாதிருப்பது இம்முறையினாலேயே.

ஊசித்தலை இதற்கு இயல்பாகவே ஏற்றது. அதன் ஒவ்வொரு பக்கச் சுருளுக்கும் இரு முனைகள் உண்டு. இரண்டும் நிலத்தொடுப்பைத் தொடவேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் இரண்டு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். அசையும் காந்தத் தலைகள் சிலவற்றில் ஒரு முனையை உலோகக் கூட்டுடன் இணைக்கும் சிறு தகடு இருக்கும். அதனை நீக்காவிட்டால் சமநிலை குலையும். அடுத்ததாக, தட்டுச் சுழலியிலிருந்து வரும் கம்பி முழுவதும் இருகம்பி முறையில் அமைந்திருத்தல் வேண்டும். பழைய கம்பியின் நுனியில் மூன்று முனைச் செருகியை மட்டும் மாற்றிப் பொருத்தினால் பெயர் கிடைக்கும். பயன் பெரிதும் கிடையாது.

இரண்டாவது குற்றம், தூரத்தில் மழை பெய்வது போன்ற சீறல். இது சுவரிலிருந்து வருவதன்று. வால்வின் உள்ளே இலத்திரன்கள் ஒழுங்கின்றி ஓடுவதாலேயே பிறக்கின்றது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். சமநிலை அமைப்பு இந்தச் சீறலைப் போக்காது. நுழைவாயிலில் ஒரு வால்வுக்குப் பதிலாக இரண்டு நிற்பதால், இரண்டின் சீறலும் சேர்ந்து ஏறத்தாழ 3 டெசிபெல் கூடவும் செய்யும். ஆதலால் முதற்படியில் நிற்கும் வால்வு எதுவென்று கேட்பது அவசியம். ஈ.சி.சி. 83 என்னும் வால்வு மிகுதியாகப் பெருக்கும். அசையும் காந்தத் தலைக்கு அது போதும். ஈ.சி.சி. 88 வகை ஒரு படியிற் குறைவாகவே பெருக்கினாலும், சீறல் குறைந்தது.

அசையும் சுருள் தலைக்கோ வால்வு மட்டும் போதுவது அரிது. அங்கே பழைய பொறியியலாளர் கண்ட வழி இன்றும் நல்ல வழி: வால்வுக்கு முன்னர் ஒரு சிறு நிலைமாற்றி. ஒன்றுக்குப் பத்து என்னும் விகிதமுடைய நிலைமாற்றி 0.3 மில்லிவோல்ற்றை 3 மில்லிவோல்ற்றாக உயர்த்தும். தன் பங்குக்கு அது சேர்க்கும் சீறல் மிகச் சிறிது. அதன் முதற்சுருளின் இரு முனைகளும் நிலத்தைத் தொடாதிருப்பதால் சமநிலைப் பயனும் உடன் கிடைக்கின்றது. எனவே, நுழைவாயிலில் நல்ல நிலைமாற்றியும் அதன்பின் எளிய வால்வுச் சுற்றும் கொண்ட கருவி, எட்டு வால்வுகள் நிறைந்த கருவியினும் அமைதியாயிருக்கக் கூடும். அந்த நிலைமாற்றிக்குக் காந்தக் கவசம் இருத்தல் மட்டும் இன்றியமையாதது. இன்றேல் அதுவே ரீங்காரத்தைப் பிடித்து வரும்.

விற்பனைத் தாளில் அச்சிட்ட எண்களையும் ஆராய்ந்தே நம்புதல் வேண்டும். இரைச்சல் இசையினும் 80 டெசிபெல் கீழே உள்ளது என்று ஒரு தாள் கூறலாம். அது 5 மில்லிவோல்ற்றை வைத்துக் கணித்ததாயின், அதே வாயிலில் 0.5 மில்லிவோல்ற்று மட்டும் தரும் தலைக்கு அந்த 80, 60 ஆகச் சுருங்கிவிடும். எந்த அளவை வைத்துக் கணித்தனர் என்று சொல்லாத எண்ணால் வாங்குபவருக்குப் பயனில்லை.

மூன்றாவது குற்றம் வால்வின் அதிர்வோசை. வால்வினுள்ளே மெல்லிய கம்பிகள் நிற்கின்றன. அவை அசைந்தால் அந்த அசைவே ஒலியாகிவிடும். பென்சிலின் பின்புறத்தால் வால்வை மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் மணியோசை போல் எழும். சிறிது எழுவது இயல்பு. நீண்டு ஒலித்தால் அந்த வால்வு முதற்படிக்கு உதவாது. கருவியை ஒலிபெருக்கிக்கு அருகில் வையாதிருப்பதும் நன்று.

இனி, நம்பகம். முழுச் சமநிலைக் கருவியில் வால்வுகள் ஏறக்குறைய இருமடங்காகும், வெப்பமும் அவ்வாறே. வெப்பநாடுகளில் மின்பகு ஒடுக்கிகள் விரைவில் உலர்ந்து வலுவிழக்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வால்வின் முனைகளில் மாசு படிந்து கரகரப்பு உண்டாகும். ஆகவே காற்றோட்டமுள்ள பெட்டி, எளிதிற் கழற்றக்கூடிய வால்வுத் தாங்கி, இன்றும் செய்யப்படும் வால்வு வகை ஆகியவற்றை நாடுதல் அறிவுடைமை. ஈ.சி.சி. 83, ஈ.சி.சி. 88 வகை வால்வுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. உற்பத்தி நின்றுபோன அரிய வால்வு ஒன்றையே நம்பி நிற்கும் கருவி எவ்வளவு இனிமையாயினும், ஒருநாள் ஊமையாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வருவிக்கும் கருவி 230 வோல்ற்றுக்கு உரியதா என்பதையும் பார்த்தல் வேண்டும். கருவியை அணைத்த பின்னும் அதனுள் 200, 300 வோல்ற்று தங்கியிருக்கக் கூடும். அனுபவமில்லாதவர் பெட்டியைத் திறத்தல் உயிருக்கே ஆபத்து.

கடையிற் சோதிக்கும் முறை எளிது. தம்முடைய ஊசித்தலையையே பொருத்தி, வீட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்து, ஊசியைத் தூக்கிவிட்டு, வழக்கமாக அமரும் தூரத்திலிருந்து காது கொடுத்துக் கேட்டல் வேண்டும். ரீங்காரம் கேட்டால் கம்பியையும் நிலத்தொடுப்பையும் பார்க்க. சீறல் கேட்டால் முதற்படி வால்வைப் பார்க்க. கருவி ஒரு மணிநேரம் சூடேறிய பின் மீண்டும் கேட்க. பின்னர் ஊசியைத் தட்டில் இறக்கினால், தட்டின் இயல்பான உராய்வோசை மற்றெல்லாவற்றையும் மூடிவிடுகின்றதா? ஆம் எனின் அந்தக் கருவி போதும். அதற்கு மேலும் அமைதி தேடிச் செலவிடும் பணம், காதுக்குப் பயன்படாது. சில வீடுகளில், பழைய கருவியை மின் நிலைமாற்றியிலிருந்து சற்று விலக்கி வைத்த அளவிலேயே ரீங்காரம் நீங்கிவிடும், புதியதே வேண்டியதில்லை.

பாடியவர் மறைந்திருப்பார், வாசித்த விரல்களும் ஓய்ந்திருக்கும். அவர் விட்டுச் சென்ற நாதம் மயிரிழை போன்ற ஒரு பள்ளத்தில் உறங்குகின்றது. சில குடும்பங்களில் அந்தக் குரலுக்கு அந்த ஒரு தட்டே சாட்சி. அதனை எழுப்பும் கருவி தன் குரலைக் கலவாமல் ஒதுங்கி நிற்றல் வேண்டும். பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன் குற்றத்தின் வேரைப் பார்ப்பவருக்கு, ஊசி இறங்கிய பின் வரும் அந்த ஓரிரு செக்கன்களின் அமைதி கிட்டும். அவ்வமைதியிலிருந்து எழும் இசையும் முழுமையாகக் கிட்டும்.