நிறுத்தச் சொல்லும் உரிமை

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மாவோடு சோயுஸ் டி-11 கலத்தில் ஏறிய இரு சோவியத் வீரர்களில் ஒருவர் கெனாடி ஸ்திரெக்காலோவ். ஆறு மாதத்துக்கு முன்புதான் அவர் செத்துப் பிழைத்திருந்தார். 1983 செப்டம்பர் 26 இரவு, பைக்கனூரில் ராக்கெட் கிளம்ப ஒன்றரை நிமிடம் இருக்கையில் வால்வு ஒன்று மூடாமல் எரிபொருள் கொட்டித் தீப்பற்றியது. ஆபத்தை உணர்ந்து தானாகவே கலத்தைப் பிரித்துவிட வேண்டிய அமைப்பின் கம்பிகளையும் அந்தத் தீ எரித்துவிட்டது. உள்ளே இருந்த ஸ்திரெக்காலோவும் விளாதிமிர் தித்தோவும் தாமாக அதை இயக்க வழியே இல்லை. தரையில் தனித்தனி இடங்களில் இருந்த இருவர் சில நொடிகளுக்குள் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினால்தான் ரேடியோ ஆணை மேலே போகும். அழுத்தினார்கள். உச்சியிலிருந்த சிறு ராக்கெட் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்த கையோடு ஏவுதளம் வெடித்தது. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி இருவரும் உயிரோடு இறங்கினர்.

விண்பயண வரலாற்றை வீரக்கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். உயிர்கள் போன இடங்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஆளில்லாச் சோதனை ஒன்றுகூடச் சரியாக முடியாத நிலையில் சோயுஸ் 1 ஏவப்பட்டது; 1967 ஏப்ரல் 24 அன்று பாராசூட் விரியாமல் அதில் சென்ற வீரர் கொமரோவ் இறந்தார். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தின் ராக்கெட் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள், மேலதிகாரிகள் ஒப்பவில்லை. மறுநாள் சேலஞ்சர் 73 நொடியில் சிதறி ஏழு பேர் மாண்டனர். 2003இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியாவின் இறக்கையில் நுரைத்துண்டு மோதியது தெரிந்தும், படமெடுத்துப் பார்க்கலாம் என்ற பொறியாளர்களின் கோரிக்கை கைவிடப்பட்டது. இவற்றில் எதிலும் பயணிகளுக்குத் துணிவு குறையவில்லை. பழுதைக் கண்டவரிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லை. பாதுகாப்பு என்பது முதலில் அந்த அதிகாரத்தைப் பற்றிய கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு சின்னப் பழுதுக்கும் நின்றால் எந்த ராக்கெட்டும் கிளம்பாது என்பார்கள். நியாயமான மறுப்புதான், ஆபத்தே இல்லாத விண்பயணம் இல்லை. ஆனால் பழுதின் அளவைப் பார்த்து ஆபத்தை எடைபோட முடியாது. வரப்பில் ஒரு நண்டு வளை வழியே கசியும் தண்ணீரை நம் விவசாயி ஏன் உடனே மண்ணள்ளி அடைக்கிறார்? விடிவதற்குள் வரப்பே போய்விடும் என்பதால். 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா செல்லவிருந்த ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. முழுமையாகச் சரிசெய்து சோதித்த பின்னரே ஏவ வேண்டும் என்று இஸ்ரோ குழு வற்புறுத்தியதை, குமரி மாவட்டத்தில் பிறந்த அதன் தலைவர் வி. நாராயணன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு விண்வெளி நிலையத்தில் ஒரு கசிவைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ள, 11ஆம் தேதிப் பயணம் 25ஆம் தேதிக்குப் போனது. இழந்தது இரண்டு வாரம்.

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், இந்தியர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, கிளம்ப 5 நொடி இருக்கையில் கணினியே எண்ணிக்கையை நிறுத்தியது. நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டு சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். கலம் பிரிந்து பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. அந்த நிறுத்தத்தைச் சிலர் தடங்கல் என்றார்கள். அன்றைய சோதனையின் சிறந்த பகுதி அதுதான் என்பேன்.

இன்னும் ஒரு படி போக வேண்டும். சேலஞ்சரை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சாட்சிகளைப் பொதுவில் விசாரித்து அறிக்கையை அச்சிட்டது. நாசாவின் பெயர் கெட்டது உண்மை. இணைப்புகளை மாற்றி வடிவமைத்து 1988 செப்டம்பரில் மீண்டும் பறந்ததும் உண்மை. தோல்வியை வெளியிட்டால் மக்கள் நம்பிக்கை குலையும் என்று அஞ்சுவோருக்கு என் பதில் இதுவே. ககன்யான் வீரர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவரும் தோழர்களும் ஏறுவதற்கு முன், அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு சோதனை முடிவும் ஒவ்வொரு நிறுத்தத்தின் காரணமும் தஞ்சாவூர்க் கல்லூரி மாணவர் படித்துக் கேள்வி கேட்கும்படி தமிழிலும் வெளிவர வேண்டும்.