கம்பி வந்தது, தமிழ் வரவேண்டும்



கடலூர் மாவட்டத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தென்னாட்டின் இல்லங்கள் பலவற்றுக்கு விளக்கேற்றும் நெய்வேலி இம்மாவட்டத்திலேதான் இருக்கின்றது. 1962ஆம் ஆண்டில் அங்கே முதல் மின்னாக்கப் பொறி இயங்கத் தொடங்கியது. அதற்காக நிலம் கொடுத்தவர் இம்மண்ணின் உழவர். வாழ்ந்த ஊரை விட்டுப் பெயர்ந்தவர் இம்மண்ணின் குடிகள். அங்கே பிறந்த மின்னாற்றல் தமிழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கம்பிவழியே சென்றது. ஆனால், அதே மாவட்டத்தின் கடலூரிலும் தில்லையிலும் தொடர்வண்டியை இழுத்தது எது? முன்னர்க் கரியும் நீராவியும். பின்னர்த் தீசல் எண்ணெய். நெய்வேலியில் பிறந்த மின்சாரம் கடலூர்த் தண்டவாளத்தின் தலைமேல் ஏற ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. விளக்கின் அடியில் இருள் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

இவ்வருளற்ற காலத்தாழ்வு எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விழுப்புரம், கடலூர், தில்லை, மயிலாடுதுறை, குடந்தை, தஞ்சை ஆகிய ஊர்களை இணைத்துச் செல்லும் இருப்புப்பாதைக்கு முதன்மைப்பாதை என்பது பெயர். 1870களில் கடலூரையும் தில்லையையும் தொட்ட பழம்பாதை அது. 1920களின் இறுதியில், விழுப்புரத்திலிருந்து முதுகுன்றம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை அமைந்தது. தொலைவு குறைந்ததால் விரைவண்டிகள் பல அவ்வழியே திரும்பின. அன்றுமுதல் முதன்மைப்பாதை பெயரில் முதன்மையாகவும் பேணுகையில் கடைசியாகவும் நின்றுவிட்டது.

மின்தொடர்வண்டி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1931ஆம் ஆண்டு மே திங்களிலேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர்ப் பாதையில் மின்வண்டி ஓடியது. 1960களின் நடுவில் அம்மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. சப்பானில் செய்த மின்பொறிகள் அதன்கீழ் ஓடின. விழுப்புரத்தோடு கம்பி நின்றது. அங்கிருந்து கடலூர் முதுநகர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். அந்த ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க மின்சாரத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது!

இடையிலே இன்னொரு துன்பமும் நேர்ந்தது. விழுப்புரத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட 122 கிலோமீட்டர் மீட்டர்ப் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக வண்டிகள் அறவே நிறுத்தப்பட்டன. மூன்றாண்டுகளுக்கு மேல் தண்டவாளம் வெறுமையாய்க் கிடந்தது. பண்ணுருட்டிப் பலா வணிகரும், பரங்கிப்பேட்டை மீனவப் பெண்டிரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவரும் பேருந்தில் நெருக்குண்டு சென்றனர். 2010 ஏப்பிரலிலேதான் அகலப்பாதையில் மீண்டும் வண்டி வந்தது.

பின்னர்க் கம்பியும் வந்தது. விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை–தஞ்சை, மயிலாடுதுறை–திருவாரூர் ஆகிய 228 கிலோமீட்டர்ப் பாதை 423 கோடி உருபாச் செலவில் மின்னியக்கத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்பிரவரி 14ஆம் நாள் தலைமையமைச்சர் சென்னையில் அதனை நாட்டுக்கு ஒப்படைத்தார். அப்போது நடுவணரசு கூறிய பயன்கள் இரண்டு. ஒன்று, சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி வரை இழுபொறியை மாற்றாமலேயே வண்டி செல்லலாம் என்பது. மற்றொன்று, எரிபொருட் செலவில் நாளொன்றுக்கு 14.61 இலக்கம் உருபா மிச்சமாகும் என்பது.

இவ்விரு கூற்றையும் ஊன்றி நோக்குக. எழும்பூரினின்று கன்னியாகுமரிக்குச் செல்பவர் நலன் அதில் இருக்கின்றது. கருவூலத்தின் நலனும் இருக்கின்றது. ஆலப்பாக்கத்தில் ஏறிக் கடலூரில் இறங்கும் கொத்தனுக்கும், கிள்ளையில் ஏறித் தில்லைக்குச் செல்லும் மாணவிக்கும் என்ன பயன் என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. பாதை இவர்கள் ஊர்வழியே செல்கின்றது. பயன் இவர்கள் தலைமேல் பறந்து செல்கின்றது.

மிச்சக் கணக்கையும் பார்க்கலாம். நாளொன்றுக்கு 14.61 இலக்கம் என்றால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 53 கோடி. அரசின் கணக்கே சரியென்று கொண்டால், போட்ட 423 கோடியும் எட்டாண்டில் மீண்டுவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஊதியமே. அவ்வூதியத்தில் ஒரு பங்கை இப்பாதையின் மக்களுக்கே திருப்புக என்று கேட்பது இரவன்று, உரிமை.

எதைக் கேட்பது? மின்சாரத்தின் இயல்பை அறிந்தால் கேட்கவேண்டியது தானே விளங்கும். தலைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட்டு மின்னழுத்தம் பாய்கின்றது. ஒரே பொறி முன்னின்று இருபது பெட்டிகளை இழுப்பது ஒரு முறை. பெட்டித் தொடரின் பல இடங்களிலும் மின்னோடிகளைப் பொருத்தித் தொடர் முழுதும் தானே உந்திச் செல்வது மற்றொரு முறை. பின்னதுதான் மின்தொடர். அது நின்ற நிலையிலிருந்து விரைவில் ஓட்டம் பெறும். விரைவில் நிற்கவும் செய்யும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் பொறியைக் கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டுவதில்லை. நிலையங்கள் அடுத்தடுத்து உள்ள பாதைக்கென்றே அமைந்தது போன்ற ஊர்தி அது. கடலூர் முதுநகருக்கும் தில்லைக்கும் இடையே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என அடுத்தடுத்து நிலையங்கள். வடக்கே நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ணுருட்டி. தெற்கே வல்லம்படுகை, கொள்ளிடம், சீர்காழி. சென்னைக்கும் தாம்பரத்திற்கும் 1931இல் பொருந்திய முறை இவ்வூர்களுக்கு மட்டும் பொருந்தாதா? காலையில் பணிக்கும் பள்ளிக்கும், மாலையில் வீட்டுக்கும் என நேரம் பொருந்த மின்தொடர்களை மிகுதியாக ஓட்டுவதே கம்பியிட்டதன் உண்மைப் பயன்.

அதற்கு ஒரு தடையுண்டு. இப்பாதை இன்றும் ஒற்றைப் பாதையே. எதிர்வண்டி வரும்வரை ஒரு வண்டி நிலையத்திலே காத்துக் கிடக்க வேண்டும். விரைவண்டிக்கு வழிவிட்டு நிற்பது என்றும் எளியவர் வண்டியே. குறுக்குப்பாதை இரட்டைப் பாதையாகிவிட்டது. முதன்மைப்பாதை மட்டும் ஒற்றைக் காலில் நிற்கின்றது. இரண்டாம் பாதை இல்லாத மின்கம்பி, அகன்ற வாய்க்காலுக்கு வைத்த குறுகிய மதகு போன்றது.

அவையீர்! இதுவரை சொன்னவை இரும்பும் கம்பியும் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிர் பற்றியது.

2025 சூலை 8ஆம் நாள் காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்திற்கும் இடையே செம்மங்குப்பத்தில், விழுப்புரம்–மயிலாடுதுறை வண்டி பள்ளி ஊர்தியொன்றின்மீது மோதியது. மூன்று மாணவர் உயிரிழந்தனர். காலையில் நூல்பை சுமந்து சென்ற பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பவில்லை. அக்கடவுக்கதவு மூடப்படவில்லை என்பதும், அது கைகாட்டியோடு பிணைக்கப்படாத கதவு என்பதும் வெளிவந்தன. பிணைப்பு என்பது பெரிய மறைபொருளன்று. கதவு மூடிப் பூட்டினாலன்றி வண்டிக்குக் கைகாட்டி வழிவிடாது, அவ்வளவே. ஒருவர் மறந்தாலும், உறங்கினாலும், பொய்யே சொன்னாலும் வண்டி கதவுக்கு முன்னே நின்றுவிடும். 25,000 வோல்ட்டுக் கம்பி தலைக்குமேல் ஓடிய பாதையில், அந்த எளிய பிணைப்பு தரையில் இல்லை! கதவுகளைப் பிணைக்கும் பணியை விரைவுபடுத்துமாறு அமைச்சர் ஆணையிட்டது அதன் பிறகுதான்.

அக்கதவின் காவலர் தமிழறியாத வடபுலத்தவர் என்ற செய்தி வெளிவந்ததும், மொழியறியாமையே இக்கொடுமைக்குக் கரணியம் என்று பலர் கொதித்தனர். ஆய்ந்து பேசுதல் தமிழர்க்கு அழகு. கதவை மூடாமை எம்மொழியார் செய்தாலும் குற்றமே. பிணைப்பு இல்லாமை மேலாளர் அனைவரின் குறையே. மொழிமேல் முழுப் பழியைச் சுமத்தினால், பிணைக்கப்படாத கதவுகள் தப்பித்துக்கொள்ளும். ஆனால் மறுபுறமும் ஒன்று உண்டு. தண்டவாளத்தில் விரிசல் கண்ட உழவன் ஒருவன் கதவுக் காவலரிடம் ஓடிவந்து, “வண்டியை நிறுத்துங்கள் ஐயா!” என்று கூவினால், அச்சொல் காவலருக்கு விளங்கவேண்டுமா, வேண்டாவா? இவ்வினாவுக்கு எவரும் வேண்டாவென்று விடைசொல்ல முடியாது. செம்மங்குப்பத்தில் அதன்பின் தமிழறிந்த காவலரை அமர்த்தியதே அதற்கு ஒப்புதல்.

இதற்கு ஆறாண்டுகட்கு முன், 2019 மே திங்களில், திருமங்கலத்திற்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வரும் நிலை ஏற்பட்டது. நிலைய அலுவலர் இருவர் ஒருவர் மொழியை ஒருவர் விளங்கிக்கொள்ளாமையே அதற்குக் கரணியம் என்று செய்தியிதழ்கள் எழுதின. நற்பேறாக மோதல் நேரவில்லை. அதற்குக் கண்ட மருந்து யாது? அடுத்த திங்களில் தென்னகத் தொடர்வண்டித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது: கட்டுப்பாட்டு அறையும் நிலைய அலுவலரும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசவேண்டும்; வட்டார மொழியைத் தவிர்க்கவேண்டும் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டின் நிலையங்களில் தமிழ் பேசுவதுதான் இடையூறாம்! நோயாளியை விட்டுவிட்டு மருத்துவனைப் படுக்கையில் கிடத்திய கதை இது. தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது, ஓரிரு நாளிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

இது தமிழர் மட்டும் கிளப்பும் பூசல் என்பாருக்கு, உலகம் கற்ற பாடத்தைக் காட்டலாம். 2001 மார்ச்சு 27ஆம் நாள் பெல்சிய நாட்டில் பெக்ரோ என்னும் ஊரில் இரு வண்டிகள் மோதி எட்டுப்பேர் மாண்டனர். ஒரு வண்டி சிவப்புக் கைகாட்டியைக் கடந்து தவறான பாதையில் செல்வதைக் கண்ட அலுவலர் அடுத்த நிலையத்துக்குத் தொலைப்பேசியில் கூவினார். அவர் பேசியது பிரெஞ்சு. கேட்டவர் அறிந்தது டச்சு. விளங்கவில்லை, வண்டிகள் மோதின. பின்னர் 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் வண்டியோட்டிகளுக்கு நெறி வகுத்தது. எந்நிலத்தில் வண்டி ஓட்டுகின்றாரோ, அந்நிலத்து இருப்புப்பாதையின் மொழியை ஓட்டி அறிந்திருத்தல் வேண்டும் என்பது அது. அங்கே நிலத்தின் மொழியை வந்தவர் கற்கின்றார். இங்கோ வந்தவரின் மொழியை நிலம் கற்கவேண்டும் என்கின்றனர்!

வடபுலத்திலிருந்து வந்து பணியாற்றும் தொழிலாளி தமிழர்க்குப் பகைவரல்லர். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர் அவர். ஒரு சொல் தமிழும் கற்பியாது, கொளுத்தும் வெயிலில், பாதையோரத் தனிக்குடிலில் அவரை அமர்த்திய மேலாளர்மீதே குற்றம். ஆறு திங்கள் தமிழ் கற்பித்து, தேர்ந்தபின் பணியில் அமர்த்துவதற்கு எத்தனை கோடி வேண்டும்? நாளொன்றின் எரிபொருள் மிச்சமே அதற்கு நல்ல தொடக்கமாகும்.

தமிழரின் கடனும் ஒன்றுண்டு. தொடர்வண்டித் துறையின் பணித்தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம் என்ற நிலை வந்துவிட்டது. அதனை அறியாத இளைஞர் சிற்றூர்களில் இன்னும் பலர். கடலூரிலும் தில்லையிலும் உள்ள தமிழன்பர், ஒவ்வொரு படிப்பகத்திலும் அத்தேர்வுக்கு இளைஞரை அணியப்படுத்துதல் வேண்டும். கலைச்சொல் இல்லை என்னும் சாக்கும் செல்லாது. கல்லாத மக்களே கைகாட்டி என்றும் தண்டவாளம் என்றும் சொல் கண்டனர். கற்றவர் கைகட்டி நிற்றல் தகுமா? மாயவரம் என்று வழங்கிய ஊர் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. நிலையத்துப் பலகையும் மாறியது. கேட்டால் மாறும், கேளாதிருந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

ஆகவே கேட்கவேண்டியவை நான்கு. விழுப்புரம் தொட்டுத் தஞ்சை வரை இரண்டாம் பாதை வேண்டும். எளியவர் பணிநேரத்துக்குப் பொருந்திய மின்தொடர்கள் மிகுதியாக வேண்டும். பிணைக்கப்படாத கடவுக்கதவு ஒன்றுகூட இப்பாதையில் இருத்தலாகாது. கதவு, நிலையம், சீட்டு வழங்கும் பலகணி ஆகியவற்றில் தமிழறியாதார் எவரும் அமர்த்தப்படலாகாது. இந்நான்கையும் ஊர்தோறும் எழுதி, கையொப்பமிட்டு, தமிழிலேயே திருச்சிக் கோட்டத்துக்கு விடுத்தல் வேண்டும். விடையும் தமிழிலேயே வரவேண்டும் என்று வற்புறுத்தல் வேண்டும்.

1965 சனவரி 27ஆம் நாள், இத்தில்லை மண்ணில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் மொழிக்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் ஈந்தான். அன்று தமிழ் ஏட்டிலும் ஆட்சியிலும் வாழவேண்டும் என்பது வேட்கை. இன்று தண்டவாளத்தின் ஓரத்திலும் அது வாழ்ந்தாக வேண்டும். ஏனெனில், அங்கே தமிழ் பிழைத்தால்தான் தமிழ்ப் பிள்ளைகளும் பிழைப்பர்.

கம்பி வந்துவிட்டது. தமிழ் வரட்டும்! தமிழ் வெல்க!