ஐகோர்ட்டு எதைக் கேட்கும், எதைக் கேட்காது?
(உளுந்தூர்பேட்டை விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கரும்பு வெட்டையும் மல்லாட்டை பிடுங்குவதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்ததும் நம்ம ஊரில் முதலில் கிளம்புகிற பேச்சு, "கேஸ் போட்டுடலாம், ஸ்டே வாங்கிடலாம்" என்பதுதான். போடலாம், தப்பில்லை. ஆனால் ஐகோர்ட்டு எதைக் கேட்கும் என்று தெரியாமல் போட்டால், வக்கீல் பீஸும் சென்னைக்குப் போய்வந்த பஸ் சார்ஜும்தான் மிச்சம்.

இந்த ரோடு தேவையா, இந்தத் தொழிற்சாலை நல்லதா என்று நீதிபதி விசாரிக்க மாட்டார். அது அரசாங்கத்தின் கொள்கை முடிவு என்று பெரும்பாலும் ஒதுங்கிவிடுவார். அவர் கேட்கிற கேள்விகள் வேறு. இந்த உத்தரவைப் போட இந்த அதிகாரிக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டா? நிலத்துக்காரனைக் கூப்பிட்டு அவன் சொல்வதைக் கேட்டாரா? கேட்டபிறகு காரணம் எழுதினாரா? பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, யாரோ சொன்னதை மனதில் வைத்து முடிவெடுத்தாரா? அரசியல் சட்டம் 226-வது பிரிவில் ரிட் மனு போட்டால் கோர்ட்டு கை வைக்கிற இடம் இதுதான்.

இதுக்குப் பாடம் நமக்குப் பக்கத்து மாவட்டங்களிலேயே இருக்கிறது. 2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை வந்தது. 277 கிலோமீட்டர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டத்து நிலம். சென்னையிலிருந்து சேலம் போக நம்ம உளுந்தூர்பேட்டை வழியாக ஏற்கெனவே ரோடு கிடக்கும்போது இன்னொன்று எதுக்கு என்று டீக்கடையில் நாமெல்லாம் கேட்டோம். நியாயமான கேள்விதான். கோர்ட்டில் கேஸ் நின்றது நடைமுறையில். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் முன்பே நிலம் எடுக்கக் கிளம்பினார்கள், நிலம் சட்டப்படி கைக்கு வரும் முன்பே வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றினார்கள் என்று விவசாயிகள் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 8-ம் தேதி ஐகோர்ட்டு அந்த நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. ஊர் ஊராக வெடி வெடித்தார்கள்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. 2020 டிசம்பர் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நிலம் எடுக்கப்போகிறோம் என்று அறிவிக்கிற கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை என்று சொல்லி ஐகோர்ட்டுத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றிவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. முன்கூட்டியே கணக்கில் பெயர் மாற்றியது செல்லாது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. பெரிய வாதம் விழுந்தது, சின்னதாகத் தெரிந்த பட்டாக் கணக்கு வாதம் கடைசிவரை நின்றது. அதனால்தான் சொல்கிறோம், உங்க சிட்டாவையும் அடங்கலையும் அடிக்கடி எடுத்துப் பாருங்க. நமக்குத் தெரியாமல் பேர் மாறியிருந்தால் அதுவே ஒரு கேஸ்.

கடன் தள்ளுபடி கதையும் கேளுங்க. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி. எல்லா விவசாயிக்கும் கொடு என்று 2017 ஏப்ரலில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொன்னது. 2021 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. யாருக்குத் தள்ளுபடி என்பதை அரசு நியாயமான காரணத்தோடு பிரித்தால் கோர்ட்டு திருத்தி எழுதாது. அதைத் தெருவில் நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே கேஸ் தொடங்குகிற இடம் ஐகோர்ட்டு வாசல் இல்லைங்க, நீங்க கொடுக்கிற ஆட்சேபனை மனு. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாள்தான் கெடு. வீட்டுக்கு வந்து யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்; ரெண்டு பேப்பரில் போடுவார்கள், ஒன்று தமிழ்ப் பேப்பர். 2013-ம் வருஷத்து மத்தியச் சட்டத்தில் எடுத்தால் 60 நாள். சிப்காட்டுக்கு என்றால் 1997-ம் வருஷத்து மாநிலச் சட்டம். நோட்டீசில் எந்தச் சட்டம், எந்தத் தேதிக்குள் என்பதை முதலில் படிக்க வைத்துக் கேளுங்கள்.

மனுவில் "நிலம் போனால் பொழப்பு போயிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். உண்மைதான், ஆனால் அதுக்கு ஒரு வரி பதில் எழுதித் தள்ளிவிடுவார்கள். சர்வே நம்பர், கிணறு, போர், எத்தனை தென்னை, பக்கத்தில் புறம்போக்கு இருந்தால் அதன் நம்பர், எல்லாம் எழுதுங்க. ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து ஐம்பது பேர் கையெழுத்துப் போட வேண்டாம். அவரவர் நிலத்துக்கு அவரவர் மனு. கொடுத்ததற்கு சீல் வைத்த நகல் வாங்குங்க. தர மறுத்தால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற தபாலில் அனுப்புங்க. ஒருமுறை ஒரு அலுவலகத்தில் நாங்கள் மதியம் வரை நின்றும் சீல் போடவில்லை. நேரே தபாலாபீசுக்குப் போனோம். பிறகு அந்தத் தபாலின் ஒப்புகை அட்டைதான் பேசியது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி "பொதுநலன் கருதி நிராகரிக்கப்படுகிறது" என்று பதில் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். மனதைச் செலுத்தாமல் போட்ட உத்தரவு என்பதற்கு அதுவே சாட்சி. உத்தரவில் எழுதாத காரணத்தை அப்புறம் கோர்ட்டில் பிரமாணப் பத்திரத்தில் புதுசாகச் சேர்க்க முடியாது என்று 1977-லேயே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இருக்கிறது.

நஷ்ட ஈடு குறைவு என்றால் ரிட் போடாதீர்கள். நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதற்கு மத்தியஸ்தர் உண்டு. பட்டாத் தகராறு என்றால் முதலில் ஆர்.டி.ஓ., பிறகு டி.ஆர்.ஓ. இந்தப் படிகளைத் தாண்டி ஓடினால் "அங்கே போ" என்று ஐகோர்ட்டு திருப்பி அனுப்பும். ரிட்டுக்கு இத்தனை நாள் என்று கெடு இல்லைதான். அதுக்காக ரெண்டு வருஷம் தூங்கிவிட்டுப் போனால் ஏன் தாமதம் என்ற கேள்வியிலேயே கேஸ் போய்விடும். நமக்கு மதுரைக் கிளை கிடையாது, சென்னைதான். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம்; தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கணும்.

ஜெயித்தாலும் பலமுறை "மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலி" என்றுதான் உத்தரவு வரும். ஃபைல் அதே அதிகாரியிடம் திரும்பும். வாரம் முடிந்தும் அசையவில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் அவமதிப்பு வழக்குப் போடணும்.

கோர்ட்டு தானாகவும் வரும், வந்திருக்கிறது. கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிக்காக 2024-ல் ஐகோர்ட்டு தானே முன்வந்து வழக்கு எடுத்தது. அதுக்கு முன்னால் ஜூன் மாதம் கருணாபுரத்தில் அத்தனை உயிர் போயிருந்தது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் மனு எழுத உட்காருகிறோம். நோட்டீஸ், சிட்டா, அடங்கல், தபால் ரசீது எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க. அம்மா பேரில் பட்டா இருந்தால் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து அவங்க போடணும்.