கேரவன் வண்டியும் கடல் கடந்த பயணமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குறளும் கம்பனும் முழங்கிப் பழகிய இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் காலனியில் ஓய்வு பெற்ற அன்பர்கள் சிலரிடையே ஓர் ஆசை வளர்ந்து வருகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டு, துணைவியாரோடு அமீர்பேட்டிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாக் கண்டம் வரை சென்று திரும்ப வேண்டும் என்பது அந்த ஆசை. சினிமா நடிகர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுவரும் வண்டியைக் கேரவன் என்கிறோமே, இதற்கும் அதே பெயர்தான்.

ஆசையைக் குறை கூற நான் வரவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் நம் அன்பர்கள் கூடிப் பேசுவதைக் கேட்டால், பேச்செல்லாம் வண்டியைப் பற்றியே இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை படுக்கை, கூரையில் எத்தனை சோலார் தகடு என்று ஆராய்கிறார்கள். அந்த வண்டி எந்த வாயில் வழியாக இந்தியாவை விட்டு வெளியேறும் என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைப் பற்றியதே.

ஒரு காலத்தில் வாயில்கள் திறந்திருந்தன. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனிலிருந்து 'இந்தியாமேன்' என்னும் பேருந்து இருபது பயணிகளுடன் புறப்பட்டு, துருக்கி, பாரசீகம், பாகிஸ்தான் வழியாக ஜூன் மாதத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தது. கட்டணம் 85 பவுன். அதற்குப் பின்னர் 'ஆல்பர்ட்' என்ற மாடிப் பேருந்து ஒன்று 1968 தொடங்கிச் சில ஆண்டுகள் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடியது. அதற்குள்ளேயே சமையலறையும் இருந்தது, படுக்கைகளும் இருந்தன. பெயர்தான் பேருந்து, உண்மையில் அது ஒரு பெரிய கேரவனே. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈரானில் புரட்சி. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்துக்குள் சோவியத் படை. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடிய பாதை ஒரே ஆண்டில் அடைபட்டுப் போயிற்று.

மேற்கு வாயில் இவ்வாறாக, கிழக்கு வாயில் நம் காலத்தில் சிறிது திறந்தது. 2017ஆம் ஆண்டு மீனாட்சி அரவிந்த் முதலிய பெண்மணிகள் கோயம்புத்தூரிலிருந்து காரில் புறப்பட்டு, இம்பால், மோரே வழியாக மியன்மாருக்குள் நுழைந்து, தாய்லாந்து, லாவோஸ், சீனம், மத்திய ஆசியா, ரஷ்யா என்று பல நாடுகளைக் கடந்து லண்டன் சேர்ந்தார்கள். நம்மவர்களால் முடியுமா என்று ஐயுறுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

மோரே என்ற பெயரைச் சொன்னேன். வேறு ஊர்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம் அவ்வூரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மணிப்பூரின் எல்லையில், பர்மாவின் தமு நகருக்கு எதிரே இருக்கும் சிற்றூர் அது. அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. அங்காள பரமேசுவரிக்குக் கோபுரத்துடன் கூடிய கோயில் உண்டு. கடைவீதியில் இட்டலியும் உண்டு. அங்கே தமிழர் குடியேறிய கதை விசித்திரமானது. 1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டுகளில் வாணிகம் எல்லாம் அரசுடைமையாயிற்று. தலைமுறை தலைமுறையாக இரங்கூனிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் தாயகம் வந்தனர். வந்தவர்களுட் சிலருக்குத் தாயகமே அயலூராய்ப் பட்டது. மீண்டும் பர்மாவுக்கே போய்விடுவோம் என்று தரைவழியாகப் புறப்பட்டு எல்லை வரை சென்றார்கள். பர்மிய அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரவும் மனமின்றி, வாயிலருகிலேயே தங்கிவிட்டார்கள். அவ்வாறு உண்டானதே மோரேத் தமிழ்க் குடியிருப்பு.

எல்லை வாயில் என்பது தேசப்படத்தில் ஒரு கோடு மாத்திரமன்று. அது மூடினால் குடும்பங்களின் கதையே மாறிவிடும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? அந்த வாயில் 2020 மார்ச்சில் பெருந்தொற்றை ஒட்டி மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே மாதம் மணிப்பூரிலேயே கலவரம் மூண்டு மோரேயும் எரிந்தது. பழைய பயணக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவ்வழியை இன்று உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்வது தகாது.

மற்ற வாயில்கள் எப்படி? பஞ்சாபில் அட்டாரி எல்லையை இந்தியா 2025 ஏப்ரலில் மூடியது. வடக்கே நேபாளம் வழியாகத் திபெத்துக்குப் போகலாம் என்பார்கள். சீனாவுக்குள் அயல்நாட்டு வண்டி நுழைந்தால், அந்நாட்டு வழிகாட்டி ஒருவர் உடன் வரவேண்டும். தற்காலிக நம்பர் பலகையும் ஓட்டுநர் உரிமமும் பெறவேண்டும். எந்த நாளில் எந்த ஊர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து பணமும் கட்டிவிட வேண்டும். போதாக்குறைக்கு, ரசுவாகடியில் நேபாளத்தையும் சீனாவையும் இணைத்த பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. தாய்லாந்தோ 2016 முதல் அயல்நாட்டு வண்டிகளுக்கு முன்னனுமதி வேண்டும் என்று விதித்தது. கேரவன் வகைக்கு அந்த அனுமதியும் இல்லை என்றது. கார் போகலாம், வீடு போகக் கூடாது! நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். அது ஆட்களை ஏற்றும் கப்பல், வண்டியை ஏற்றுவதன்று.

ஆக, நேபாளம், பூட்டான் போன்ற அண்டை நாடுகள் நீங்கலாக, மோட்டார் வண்டிக்கு நம் நாடு ஒரு தீவு என்றே கொள்ளவேண்டும். தீவிலிருந்து வெளியேறக் கப்பல்தான் வழி.

கப்பல் என்றவுடன் வண்டியின் உயரம் முதற் பிரச்சினையாகிறது. நாற்பதடிக் கன்டெய்னர் பெட்டியில் உயரமான வகையிலுங்கூட, கதவின் உயரம் ஏறக்குறைய 2.58 மீட்டர், அகலம் 2.34 மீட்டர். உள்ளே நிமிர்ந்து நிற்கும்படி கூரை உயர்த்திய வண்டி, மேலே சோலார் தகடும் பதித்தால், இதற்குள் நுழைவது ஐயமே. நுழையாவிட்டால், வண்டியை ஓட்டியே ஏற்றும் கார்க் கப்பலை நாடவேண்டும். எண்ணூர்த் துறைமுகத்தில் புதுக் கார்கள் அவ்வாறுதான் ஏறுகின்றன. அக்கப்பலில் வண்டிச் சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டும். உள்ளே பாத்திரம் பண்டம் வைப்பது காவலற்ற காரியம். ஆகவே எந்தக் கப்பல் என்று முடிவு செய்த பின்னரே கூரையை உயர்த்துங்கள். இரண்டு விரற்கடை வித்தியாசம் பல லட்ச ரூபாய் வித்தியாசமாகிவிடக் கூடும்.

இனி, பணம். தாய்மார்கள் இப்பகுதியைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

'கார்னே' என்று ஒரு புத்தகம் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல், வண்டிக்குப் பாஸ்போர்ட் என்று நாம் சொல்லலாம். ஒரு நாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோனால் இறக்குமதி வரி கட்டவேண்டும் அல்லவா? 'நான் விற்க வரவில்லை, பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போய்விடுவேன்' என்பதற்குப் பிணையே இப்புத்தகம். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. 1954இல் நியூயார்க்கில் நாடுகள் செய்துகொண்ட சுங்க உடன்படிக்கை இம்முறைக்கு ஆதாரம். இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. வழங்குமுன், வண்டியின் விலையையும் செல்லும் நாடுகளையும் பொறுத்து வங்கி உத்தரவாதமோ வைப்புத் தொகையோ கேட்பார்கள். வரி கடுமையான நாடுகளுக்கு அது வண்டியின் விலையையும் மிஞ்சும்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டி 25 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிணை அதைப் போல் இரண்டு மடங்கு என்றால் 50 லட்சம். ஓய்வு பெற்றவர் அதை எங்கிருந்து கொடுப்பார்? பிராவிடண்டு நிதியிலிருந்து வந்த தொகையை வங்கியில் போட்டு, அதன்மேல் உத்தரவாதம் வாங்குவார். புத்தகம் எல்லா முத்திரைகளுடனும் திரும்பி வந்து, கணக்கு முடியும் வரை அப்பணத்தைத் தொட முடியாது. நடுவில் வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றாலும் அது பூட்டிய பணம்தான். வழியில் வண்டி எரிந்துபோனாலும் திருட்டுப்போனாலும் அந்நாட்டுச் சுங்கத்தார், 'வண்டி எங்கே?' என்றுதான் கேட்பார்கள். போலீஸ் சான்று முதலியவற்றைக் காட்டி அவர்களைத் திருப்தி செய்யாவிட்டால் பிணை போய்விடும். கணவர் வரைபடத்தை விரிக்கும்போது துணைவியார் வங்கிப் புத்தகத்தை விரிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடத் தக்க காரியம் இது.

ஆறுதல் ஒன்று உண்டு. எல்லா நாடுகளும் கார்னே கேட்பதில்லை. ஈரான் கேட்கும், ஐரோப்பிய நாடுகளும் துருக்கியும் ரஷ்யாவும் கேட்பதில்லை. கப்பலில் நேரே ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டால் இப்பெரும் பிணையின்றியே சுற்றலாம். ஆனால் திரும்பி வருகையில், இது இங்கிருந்து சென்ற அதே வண்டி என்று நம் சுங்கத்தாருக்குக் காட்டவேண்டுமே! எந்தப் பத்திரத்தைக் கொண்டு காட்டுவது என்பதைப் புறப்படுமுன் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிற்க. வண்டிக்கு ஒரு நாட்காட்டி, உங்களுக்கு வேறொரு நாட்காட்டி என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உங்கள் வண்டி ஆறு மாதம் இருக்கலாம். நீங்களோ ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. முன்பு ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் போய் நாட்களைக் கழித்து வந்தார்கள்; 2025 ஜனவரி முதல் அவையும் முழுமையாக ஷெங்கனில் சேர்ந்துவிட்டன. ஆதலால் மூன்று மாதம் அங்கே, பிறகு பிரிட்டனிலோ செர்பியாவிலோ துருக்கியிலோ மூன்று மாதம் என்று மாறிமாறி அமைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விசா விதி வேறு. என் கருத்தைக் கேட்டால், மூன்று மாதத்துக்குள் முடியும் பயணமாயின் சொந்த வண்டி வேண்டாம். விமானத்தில் போய் அங்கேயே வாடகைக் கேரவன் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் செலவுக்கு ஈடு கட்டுவது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயணமே.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கான கேரவனைப் போக்குவரத்தல்லாத வண்டியாகப் பதிவு செய்ய நம் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வேன் ஒன்றை வாங்கித் தெருமுனைப் பட்டறையில் மாற்றிக் கட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், ஆர்.சி.யில் கண்டது ஒன்று, எல்லையில் நிற்பது வேறொன்று என்றால் அதிகாரி விடமாட்டார். எடை 3,500 கிலோவுக்குள் இருக்கட்டும். அதைக் கடந்தால் ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமம் செல்லாது. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதை மறவாதீர்கள். பி.எஸ். 6 டீசல் எஞ்சின் கந்தகம் மிகக் குறைந்த எண்ணெயைக் குடித்துப் பழகியது. எண்ணெய் தரங்குறைந்த நாடுகளில் அதன் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நம் ஊர் இன்ஷூரன்ஸ் ஐரோப்பாவில் செல்லாது. அங்கே நுழையும்போது தனியே வாங்க வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே கைரதாபாத் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓராண்டுதான் செல்லும் என்பதால் புறப்படும் மாதத்தில் எடுப்பதே நலம்.

சமையலறையிலும் சுங்கம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டார் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய் டின்னும் பால்பவுடரும் இங்கேயே நிற்க வேண்டியவை. துபாய்ப் பக்கம் இறங்குவோர் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கசகசாவை எடுத்துவிடுங்கள். அங்கே அது போதைப் பொருள் கணக்கில் சேரும். நாம் குருமாவுக்கு அரைக்கும் பொருளுக்கு அங்கே சிறைவாசம்! சமையல் காஸ் சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு மாறும். மின்சார அடுப்பும் நல்ல பேட்டரியும் இருந்தால் அத்தொல்லை குறையும்.

கடைசியாக, முதலில் நேபாளத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை, கோரக்பூர் வழியாகச் சுனௌலி எல்லை. விசா இல்லை, கார்னே இல்லை. எல்லையில் 'பன்சார்' என்னும் சுங்கச் சீட்டு நாட்கணக்கில் பணம் கட்டி வாங்க வேண்டும்; ஒரு நிதியாண்டில் முப்பது நாளுக்கு மேல் வண்டி அங்கே இருக்கலாகாது. அந்த மூன்று நான்கு வாரங்களில் தண்ணீர் எத்தனை நாள் வருகிறது, கழிவுத் தொட்டியை எங்கே கவிழ்ப்பது, ஆறடிக்குப் பன்னிரண்டடி அறையில் இருவரும் பேசிக்கொண்டே இருக்க முடிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மலைப்பாதையில் ஒரு நாளாவது துணைவியார் ஓட்டட்டும். பன்சார்ச் சீட்டில் குறித்த நாளுக்கு முந்திய நாளே எல்லைக்குத் திரும்பிவிடுங்கள். நாள் கடந்தால் அபராதம் உண்டு.

வினாக்கள் உள்ளோர் விருந்துக்குப் பின் என்னைக் கேட்கலாம்.