பறைக்கு எவ்வளவு லெவல்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிவிட்டு அமர்வது வழக்கம். நம் ஆசானுக்கு அந்த வழக்கம் பிடிக்காது. மேடையில் புகழ ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆகவே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கலைந்துபோன ஓர் இன்னிசைக் குழுவிடமிருந்து நம் மன்றத்துக்கு ஓர் அகாய் எஸ்-900 சாம்ப்ளர் வந்திருக்கிறது. 1986இல் வெளிவந்த கருவி. ஒலியைச் சிறு துண்டாக, எண்களாகப் பதிந்துகொண்டு, கீபோர்டையோ பேடையோ தட்டும்போது திருப்பித் தரும். அதில் மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்து மூத்த கலைஞர்களின் அடிகளைப் பதிய வேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. பதியும் ஒலியின் லெவலை எங்கே வைப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிட்டது. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் சாதியும் இருக்கிறது. கணக்கை முதலில் பார்ப்போம்.

எஸ்-900 ஒரு 12 பிட் கருவி. மிக மெல்லிய சத்தத்திலிருந்து மிகப் பெரிய சத்தம்வரை அளக்க அதனிடம் 4096 படிகள்தான் உண்டு. ஒரு பிட் என்பது ஏறத்தாழ 6 டெசிபல். உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே பதிந்தால் மூன்று பிட் போய்விடும், மிஞ்சுவது 512 படிகள். இப்போதைய 24 பிட் கருவிகளில் பழகிய பிள்ளைகள், பாதுகாப்புக்காகத் தாழ்த்தியே பதிகிறார்கள். 24 பிட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. இதில் இல்லை. தாழ்த்திப் பதிந்துவிட்டுப் பிறகு உயர்த்தினால், அடியோடு சேர்ந்து இரைச்சலும் உயரும். அடி விழுந்தபின் தோல் அதிர்ந்து அடங்குகிறதே, அந்த வால்பகுதி சரசரவென்று நொறுங்கிக் கேட்கும்.

அதற்காக ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. பழைய டேப் அளவு மீறினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எண்ணுக்கு அந்தத் தயவு கிடையாது. கடைசிப் படிக்கு மேல் படி இல்லை, அலையின் தலை அப்படியே தட்டையாக வெட்டப்படும்.

பறை இந்த இரண்டு எல்லைகளையும் சோதிக்கும் கருவி. வேப்பமரச் சட்டம், மாட்டுத்தோல், ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. சுண்டுக்குச்சி விழும் கணத்தில் எழும் முனை, வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும். மிக்ஸரில் உள்ள முள் அசைந்து நிலைக்கவே ஏறத்தாழ 0.3 வினாடி வேண்டும். முள் பாதியில் நிற்கும்போதே உச்சம் கிழிந்திருக்கும். எனவே முள்ளை நம்பாதீர்கள். உச்சத்தைக் காட்டும் சிவப்பு விளக்கைப் பாருங்கள், பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காதால் கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் மைக், அடுத்து மிக்ஸரின் கெயின், கடைசியில் சாம்ப்ளரின் திருகு. மிக்ஸரிலேயே கிழிந்துவிட்ட ஒலியைச் சாம்ப்ளரில் குறைத்தால், கிழிந்த ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

பறையைத் தீயில் காய்ச்சியவுடன் லெவல் வையுங்கள். தோல் விறைப்பாக இருக்கும்போதுதான் அதன் உச்சம் தெரியும். சிறிது நேரத்தில் தோல் தளர்ந்து ஒலி இறங்கும், அப்போது திருகை ஏற்றாமல் மறுபடி காய்ச்சச் சொல்லுங்கள். சோதனைக்கு ஓர் அடி போடச் சொன்னால் யாரும் அடக்கித்தான் அடிப்பார்கள். நின்று, கால் பெயர்த்து, ஆடி அடிக்கவிட்டு அதற்கு லெவல் வையுங்கள். அதற்கும் மேலே ஒரு 3 அல்லது 4 டெசிபல் இடம் விட்டால் போதும்.

எஸ்-900இல் இன்னொரு வசதி உண்டு. நாம் வைக்கும் ஒரு வரம்பை ஒலி தாண்டினால்தான் பதிவு தொடங்கும். வரம்பை மிகத் தாழ்த்தினால் யாரோ இருமியதும் தொடங்கிவிடும். மிக உயர்த்தினால் அடிக்குச்சியின் மென்மையான தொடக்கம் பதிவிலேயே வராது.

இனி ஆசானுடைய கேசட்டுக்கு வருகிறேன். 1990களில் அவர் அடித்ததை யாரோ ஒரு சாதாரண டேப்ரெக்கார்டரில் பதிந்தார்கள். அவருடைய கை நம்மிடம் இருப்பது அந்த ஒன்றில்தான். அத்தகைய டேப்ரெக்கார்டர்களில் லெவலைக் கருவியே தானாகத் தீர்மானிக்கும். பெரிய சத்தம் வந்தால் அமுக்கும், அமைதி வந்தால் தூக்கும். மாரடிப்பு அடியில் ஆசான் ஓரிடத்தில் கையை அடக்குவார், கேட்பவருக்கு மூச்சு நின்றுவிடும். கேசட்டில் அந்த இடமும் மற்ற இடங்களும் ஒரே உயரத்தில் கேட்கின்றன. இடைவெளிகளில் இரைச்சல் பொங்கி வருகிறது. அவர் அடித்த வரிசை இருக்கிறது, அவருடைய கனமும் அடக்கமும் இல்லை. நாம் செல்போனில் எடுக்கும் வீடியோக்களிலும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. சாமிச்சாட்டு அடியும் சப்பரத்து அடியும் செல்போனில் பத்திரமாக இருக்கின்றன என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

அந்தத் தானியங்கி அளவு பறையைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல, பேச்சைக் கேட்டுச் செய்யப்பட்டது. இந்த இடத்தில்தான் சமூகவியல் படித்த புத்தி விழித்துக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு நம் குழுவோடு போயிருந்தேன். பாடகருக்கு வைத்திருந்த லெவலை மாற்ற மனமில்லாமல், பறையடிப்பவர்களைக் கதவுக்கு வெளியே நின்று அடிக்கச் சொன்னார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மைக்கைவிட்டுத் தள்ளி நிற்பது தவறில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திருகு இருந்தது. அதைக் குறைத்திருக்கலாம்.

எது இசை, எது இரைச்சல் என்ற பிரிப்பு திருகில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையைச் சேர்த்திருப்பதை நம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். அதைச் சொல்வது சுலபம், கெயின் வைப்பதுதான் கடினம்.

இதே சண்டையை அமெரிக்கக் கறுப்பினத்தவரும் போட்டிருக்கிறார்கள். ட்ரிஷியா ரோஸ் 1994இல் எழுதிய 'பிளாக் நாய்ஸ்' நூலை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ராப் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே லெவலைச் சிவப்புக்குள் தள்ளிப் பதிந்ததையும், முறையாகப் பயின்ற ஒலிப்பொறியாளர்கள் அதைத் தவறென்று கருதியதையும் அவர் விவரிக்கிறார். பப்ளிக் எனிமியின் இசையை உருவாக்கிய பாம் ஸ்குவாட் குழு அதில் வருகிறது. அவர்கள் காலத்தில் பேர்பெற்ற எஸ்பி-1200 சாம்ப்ளர், 1987இல் வந்தது, அதுவும் 12 பிட்தான். மொத்தமே சுமார் 10 வினாடி பதியலாம். அந்தக் குறுகிய இடத்தில் அவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே தீர்மானித்தார்கள்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. அதன்பின் நம் பிள்ளைகள் சிலர், கிழிய விடுவதே கலகம் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டுக்காகக் கிழிப்பது கலைஞரின் முடிவு. ஆவணத்தைக் கிழித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. சுத்தமாகப் பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் கிழிக்கலாம். கிழிந்ததைத் தைக்க முடியாது.

பறையே வேண்டாம், அது இழவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்திய அடையாளம் என்று குச்சியைக் கீழே வைத்தவர்களும் நம்மில் உண்டு. அவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் மைக்கோடு போய் நிற்காதீர்கள்.

2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அடித்தவருக்குப் பெயர் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது. சாம்ப்ளருக்குள் போன அடிக்கு அந்தப் பெயர் ஒட்டாது. கீபோர்டில் 'பறை' என்று ஒரு ஒலி இருக்கும், அதை அடித்தவர் யார் என்று எங்கும் இருக்காது. நிகழ்த்துகலைஞரின் உரிமை 1994 முதல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது, 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. பெயரே எழுதாத பதிவை வைத்துக்கொண்டு எந்த உரிமையைக் கேட்பது?

ஆகவே வரும் மாதங்களில் பதியப் போகும் மாணவர்களுக்கு: லெவல் வைத்தபின் ஹெட்போனை அடித்தவர் காதில் மாட்டுங்கள். இது என் அடிதான் என்று அவர் சொன்ன பிறகு அடுத்த அடிக்குப் போங்கள். பெயர், ஊர், அடியின் பெயர், காய்ச்சிய நேரம், திருகு நின்ற இடம், அவர் தந்த சம்மதம், கொடுத்த பணம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அவர் கையெழுத்தையும் வாங்குங்கள், ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எஸ்-900 ஃபிளாப்பியில்தான் சேமிக்கும். ஃபிளாப்பிகள் எல்லாம் பழசு, எந்த நாளும் கெட்டுப்போகலாம். அன்று இரவே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.