அறைக்குள் முடங்கும் வாலிபர்கள்

(புதூர்நாட்டில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இந்த மலைக்கு ஏறி வரும்போது வழியில் ஒரு பெரியவர், "ஐயா, எங்கள் பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. யாரோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ராப்பகலாகப் போனும் கையுமாய்க் கிடக்கிறான். காற்றுக்கருப்பு பிடித்திருக்கிறதென்று கயிறு கட்டியிருக்கிறோம்" என்றார். மந்திரிக்கிறவனுடைய விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "போனில் பார்த்தோம்" என்றார்! (சிரிப்பு)

பேய் பிடித்தது என்பது ஒரு கூட்டத்தார் அபிப்பிராயம். படித்தவர்களோ போன்தான் பேய் என்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் காரணத்தைத் தேடாமல் பழிபோட ஆள் தேடுகிறவர்கள் என்றே சொல்லுவேன். ஜப்பான் தேசத்தில் மாதக்கணக்காய், வருஷக்கணக்காய் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கு 'ஹிக்கிகோமோரி' என்று பெயர். சைட்டோ தமாக்கி என்னும் மனநோய் வைத்தியர் இதைப்பற்றி 1998-லேயே புத்தகம் எழுதிவிட்டார். அன்றைக்கு இந்தத் தொடுதிரைப் போன் ஏது? 2022-ல் அந்நாட்டு சர்க்கார் எடுத்த கணக்கின்படி 15 முதல் 64 வயது வரையில் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் இப்படி ஒதுங்கியிருக்கிறார்களாம். வாலிபர் மட்டுமல்ல, பாருங்கள். வேலை போனவன், பரீட்சையில் தவறினவன், கேலிக்கு ஆளானவன், நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பதென்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறான். சாத்தின கதவுக்குள் போன் துணையாகிறது. பிறகு அதுவே வெளியே வரும் வழியையும் அடைத்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. போன் விளையாட்டுப் பித்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வியாதிகளின் ஜாபிதாவிலேயே சேர்த்துவிட்டது. பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நம் சங்கதிக்கு வருவோம். 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, பாடத்தைப் போனில் பார் என்று கையில் கொடுத்தவர்கள் யார்? நாம்தானே! மலைப்பிள்ளை திருப்பத்தூருக்கு இறங்கிப் படிக்கப் போனால் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், காட்டான் என்கிறார்கள். வீடு திரும்பினால், இவ்வளவு செலவழித்தும் உதவாக்கரை என்று நீங்கள் வைகிறீர்கள். போன் விளையாட்டில் ஜெயித்தால் முன்பின் தெரியாதவன் சபாஷ் போடுகிறான். அவன் எங்கே போவான்?

நிற்க, பெண்பிள்ளை வீட்டோடு அடைந்து கிடந்தால் மட்டும் அதை யாரும் வியாதி என்பதில்லை. அடக்கம் என்கிறோம்!

நானும் யோக்கியனல்ல. என் தங்கை மகனுடைய போனைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கல்லூரியில் இரண்டு பாடம் தவறியதைச் சொல்ல வழியில்லாமல் ஆறு மாதமாக மறைத்து வைத்திருந்தான். டாக்டர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "திட்டாமல் அவனோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை.

கயிற்றுக்குக் கொடுக்கும் பணம் திருப்பத்தூர் பஸ் கட்டணத்துக்குப் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அதற்கு முன்பே 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். என் போனிலேயே கூப்பிட்டுப் பார்ப்போம்.