ஓடுற வண்டி திடீர்னு நின்னா

செகண்ட்ஸ்ல கார் வாங்கினவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா பத்து நாளைக்கு ஒருதடவை, எந்த அறிகுறியும் இல்லாம இன்ஜின் பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. ஓரம் கட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு சாவியைத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் விட்டா அங்க மட்டும் நிக்கவே நிக்காது. அவரும் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "வண்டியில ஒண்ணும் இல்லீங்க சார்"னு சாவியைக் கையில கொடுத்துடுவார். மறுநாள் கத்திப்பாரா பாலத்து மேல ஏறும்போது திரும்ப நிக்கும்.

காரணத்துக்குப் போறதுக்கு முன்னாடி, நிக்கிற அந்த நிமிஷத்தைப் பத்திப் பேசிடுவோம். ஏன்னா உயிர் போறது அங்கதான்.

இன்ஜின் நின்னதும் ஸ்டீயரிங் கனக்கும். லாக் ஆயிடுச்சுன்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. பவர் போயிருக்கு, அவ்வளவுதான். பலம் போட்டுத் திருப்பினா திரும்பும். பிரேக்ல, பூஸ்டருக்குள்ள மிச்சம் இருக்கிற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிச்சா அதுவும் வீணாயிடும். ஒரே மிதியா அழுத்திப் பிடிங்க. பெடல் கெட்டியானாலும் பிரேக் பிடிக்கும், கால்ல முழு பலத்தையும் கொடுக்கணும். வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போது சாவியை மட்டும் உருவிடாதீங்க, அப்போ நிஜமாவே ஸ்டீயரிங் லாக் விழுந்துடும். ஹசார்ட் லைட்டைப் போட்டு, இருக்கிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாங்க. வேகம் மிச்சம் இருந்தா, நியூட்ரலுக்கு மாத்திட்டு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் அதேதான்.

நெடுஞ்சாலைன்னா நின்ன உடனே எல்லாரையும் இடது பக்கக் கதவு வழியா இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க. பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நாலு பேர் எட்டிப் பார்க்கிறதும், பின்னாடி நின்னு செல்போன் வெளிச்சத்துல கையாட்டுறதும் நம்ம ஊர்ல வழக்கம். திண்டிவனம் ரோட்ல ராத்திரி வர்ற லாரி டிரைவருக்கு நீங்க தெரிய மாட்டீங்க. டிக்கியில இருக்கிற சிவப்பு முக்கோணத்தை நல்லாத் தள்ளிக் கொண்டுபோய் வைங்க. தேசிய நெடுஞ்சாலையில எங்க நின்னாலும் 1033க்கு அடிச்சா வண்டியை இழுக்க ஆள் வரும். ரயில்வே கேட்டுக்குள்ள நின்னுடுச்சுன்னா யோசிக்கவே வேண்டாம், முதல்ல ஆட்களை இறக்கி தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் போங்க.

சரி, ஏன் நிக்குது? இதைக் கண்டுபிடிக்க வேண்டியது பாதி நீங்க, பாதிதான் மெக்கானிக். வண்டி நிக்கிறப்ப பக்கத்துல அவர் இல்லை, நீங்கதான் இருக்கீங்க. திரும்ப ஸ்டார்ட் ஆன வண்டியில அவர் பார்க்கிறதுக்கு பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது. "அப்பப்ப நிக்குதுங்க"ன்னு மட்டும் சொல்லி வண்டியை விட்டா, அவர் ஊகத்துல பார்ட் மாத்துவார். முதல்ல ஸ்பார்க் ப்ளக், அப்புறம் காயில், அப்புறம் ஃப்யூயல் பம்ப். பணம் போய்க்கிட்டே இருக்கும், வண்டி நின்னுக்கிட்டே இருக்கும். மெக்கானிக் ஏமாத்துறார்னு நான் சொல்ல வரலை. நிறைய பேர் நேர்மையாத்தான் ஊகிக்கிறாங்க. ஊகத்துக்கும் நீங்கதான் காசு கொடுக்கணும், அதான் சிக்கல்.

அதனால வண்டி நின்ன உடனே, ஓரமா நின்னு மூச்சு விட்டதும், போன்ல ஒரு வாய்ஸ் ரெக்கார்ட் போட்டு வெச்சுக்குங்க. கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு? டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு? ஏ.சி. போட்டிருந்தீங்களா? ஓட்டத்துல நின்னுச்சா, சிக்னலுக்கு வேகம் குறைக்கும்போதா? சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சா, இல்ல ரெண்டு குலுக்கு குலுக்கி பிக்கப் செத்து நின்னுச்சா? திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் ஆச்சு? பட்டுனு நின்னா பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். குலுக்கி, திணறி நின்னா பெரும்பாலும் பெட்ரோல் வரத்துல கோளாறு.

இன்னொண்ணும் பாருங்க. கியர்ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னா, கிளட்ச்சை மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பார்வை ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்க. கியர்ல இருக்கிற வரைக்கும் சக்கரம் இன்ஜினைச் சுத்திக்கிட்டுதான் இருக்கும். அதனால முள் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும். வண்டி 50ல உருண்டுக்கிட்டு இருக்கு, முள் மட்டும் சைபர்ல விழுந்து கிடக்குதுன்னா, இன்ஜின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியலைன்னு அர்த்தம். அதைச் சொல்ற வேலை கிராங்க் சென்சாரோடது. இந்த ஒரு பார்வையை மட்டும் சரியாச் சொன்னீங்கன்னா மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

பழைய வண்டியில இந்த சென்சார் பண்ற சேட்டை அலாதி. இன்ஜின் பக்கத்துல சூட்டிலேயே வருஷக்கணக்கா வெந்துக்கிட்டு இருக்கும். சில வண்டியில உள்ள இருக்கிற மெல்லிய கம்பிச்சுருள் சூடானா விட்டுப்போகும், ஆறினா ஒட்டிக்கும். அரை மணி நேரம் ஓடினதும் நிக்கும், டீ குடிச்சுட்டு வந்தா ஸ்டார்ட் ஆகும். ஷெட்டுக்கு ஆறின வண்டியா போய்ச் சேரும், அங்க எப்படித் தெரியும்? விவரமான மெக்கானிக் சென்சாரைக் கழட்டி, ஹேர் டிரையரால சூடு காட்டிக்கிட்டே மீட்டர் வெச்சுப் பார்ப்பார். அப்போ மாட்டிக்கும். விலையும் பம்ப் அளவுக்கு வராது.

ஃப்யூயல் பம்ப்புக்கு வருவோம். சாவியை ஸ்டார்ட் வரைக்கும் திருப்பாம, டேஷ்போர்டு லைட் எரியிற இடத்துல நிறுத்துங்க. ரேடியோ, ஏ.சி. எல்லாம் ஆஃப். பெட்ரோல் வண்டின்னா பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்ட் ஒரு ரீங்காரம் கேட்கும். அதுதான் பம்ப். வண்டி நல்லா இருக்கிறப்பவே அந்தச் சத்தத்தைக் காதுல பழக்கிக்குங்க. நின்ன சமயத்துல அது கேட்கலைன்னா பம்ப்போ, அதோட ரிலேவோ, ஃப்யூஸோ. பம்ப் டேங்குக்குள்ள பெட்ரோல்ல மூழ்கித்தான் சூடு தணியுது. எப்பவும் இருநூறு ரூபாய்க்குப் போட்டு ரிசர்வ்லயே ஓட்டின வண்டியில பம்ப் சீக்கிரம் சாகும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி ஏறும்போது, டேங்க் அடியில இருக்கிற கொஞ்ச பெட்ரோலும் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்கும், அதுக்கே வண்டி நிக்கலாம்.

பம்ப்புன்னு சொன்னதும் செகண்ட்ஸ் ஓனர்களுக்கு முக்கியமா ஒண்ணு சொல்லணும். 2020 ஜூலையில மாருதி நிறுவனம் வேகன் ஆர், பலேனோ ரெண்டும் சேர்த்து 1,34,885 வண்டிகளை ஃப்யூயல் பம்ப் சோதனைக்காகத் திரும்பக் கூப்பிட்டுச்சு. 2024 மார்ச்சுல அதே ரெண்டு மாடல்ல இன்னும் 16,000 வண்டி. ஹோண்டாவும் 2021ல 77,954 வண்டிகளை ஃப்யூயல் பம்ப்புக்காகவே கூப்பிட்டுச்சு. இந்தத் தகவல் கம்பெனி பதிவேட்டுல இருக்கிற ஓனருக்குத்தான் போகும். அது பெரும்பாலும் உங்களுக்கு வித்தவர். அவர் கொண்டுபோய் மாத்தாம வித்திருந்தா உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஆர்.சி.யில இருக்கிற சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்துல போட்டாலோ, ஷோரூம் சர்வீஸ்ல கேட்டாலோ சொல்லிடுவாங்க. எத்தனாவது ஓனரா இருந்தாலும் அந்த வேலை இலவசம். பம்ப்புக்கு உங்க பையில இருந்து ஒரு ரூபாய் எடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுடுங்க.

சிக்னல் வந்து கிளட்ச்சை மிதிச்சா மட்டும் நிக்குதா? ஏ.சி. போட்டா இன்னும் மோசமா? த்ராட்டில் பாடியில கரி பிடிச்சிருக்கும். சுத்தம் பண்ணி, ஸ்கேனர்ல ஐடிலிங்கைத் திரும்பப் பழக்கினா போதும், அது சின்ன வேலை. டீசல் வண்டின்னா ஃபில்டர்ல தண்ணி இருக்கான்னு, லைன்ல காத்து இழுக்குதான்னு பாருங்க. இப்பல்லாம் எது நடந்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல பழியைப் போடுறது வழக்கமாயிடுச்சு. பழைய வண்டியோட ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாதுங்கிறது நிஜம்தான். ஆனா சூடானா நின்னு, ஆறினா ஓடுற வண்டிக்கு எத்தனாலைக் காரணம் சொல்றவரை நான் நம்ப மாட்டேன்.

சாவிக்கொத்தையும் பாருங்க. வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார்னு தொங்கவிட்டு ஓட்டுறவங்க நிறைய. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல லட்சக்கணக்கான கார்களைத் திரும்பக் கூப்பிட்டது இக்னிஷன் சுவிட்சுக்காகத்தான். ஒரு குலுக்கலுக்கோ, சாவிக்கொத்து கனத்துக்கோ சாவி தானா பின்னாடி நழுவி, ஓட்டத்துல இன்ஜின் நின்னு, ஏர்பேக்கும் விரியாமப் போச்சு. 124 சாவுக்கு அந்த கம்பெனி நஷ்டஈடு கொடுத்துச்சு. உங்க வண்டியிலயும் சாவி துவாரம் தேஞ்சு ஆடுதான்னு, ஓரமா நிறுத்தி வெச்சு, ஓடுற இன்ஜின்ல சாவியை லேசா அசைச்சுப் பாருங்க. வண்டிச் சாவியைத் தனியா வெச்சுக்குங்க.

நம்ம ஊர் செகண்ட்ஸ் வண்டியில நான் அதிகமா சந்தேகப்படுறது இதையெல்லாம் இல்லை, வெளியில போட்ட ஒயரிங்கை. பழைய ஓனர் ரோட்டோரக் கடையில ரிமோட் லாக் போட்டிருப்பார். திருட்டுப் போகாம இருக்க ஒரு கட்-ஆஃப் ரிலே. டிராவல்ஸ்ல ஓடின வண்டின்னா ஜி.பி.எஸ். ட்ராக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. நம்பர் போர்டை வெள்ளைக்கு மாத்தினப்ப அந்தக் கருவிகளைக் கழட்டியிருப்பாங்க, வெட்டின ஒயரை முறுக்கி டேப் சுத்தி விட்டுட்டுப் போயிருப்பாங்க. ஸ்டீயரிங்குக்கு அடியில இருக்கிற மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பெனி ஒயரிங் துணி டேப்ல வரிசையா போகும். அது நடுவுல பளபளன்னு கறுப்பு பி.வி.சி. டேப் சுத்தின முடிச்சு கண்ணுல பட்டா, சூட்டுல பசை உருகி அந்த டேப் கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா, முதல் சந்தேகம் அங்க. எந்தப் பார்ட்டும் வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு நல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி அந்த வெளி ஒயரிங் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க.

அதோட, பேட்டரி டெர்மினலைக் கையால திருகிப் பாருங்க. ஆடக்கூடாது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர்ல 14 வோல்ட் பக்கத்துல காட்டணும். இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டையும் துரு இல்லாம இருக்கணும்.

சென்னை வண்டி வாங்கினவங்களுக்குத் தனியா ஒண்ணு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டுலயும் முங்கின வண்டிகள் கழுவித் துடைச்சு வெளியூருக்கும் போயிருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. சுருளோட அடியில இருந்து வர்ற பட்டையில சேத்துக் கறை கோடு போட்டிருக்கும், அங்க யாரும் கழுவுறதில்லை. சீட்டுக்கு அடியில தண்டவாளம் துரு பிடிச்சிருக்கா, ஒயர் கப்ளரைக் கழட்டினா பித்தளைப் பின்ல பச்சைப் பொடி பூத்திருக்கா பாருங்க. அந்தப் பச்சை ஒரு கப்ளர்ல இருந்தா சுத்தம் பண்ணிக்கலாம். பத்து கப்ளர்ல இருந்தா அந்த வண்டிக்கு மேல செலவு பண்ணாதீங்க. இன்னைக்கு ஒரு இடம் சரியானா அடுத்த மாசம் வேற இடத்துல விட்டுப்போகும்.

2013க்கு அப்புறம் வந்த வண்டின்னா டேஷ்போர்டு அடியில ஸ்கேன் போடுற சாக்கெட் இருக்கும். வண்டி நின்ன பிறகு, யாரும் பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேன் போடச் சொல்லுங்க. கழட்டினா நிறைய வண்டியில பதிவு அழிஞ்சு போயிடும். ஸ்கேனர் காட்டுற எரர் கோடைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பி 0335ன்னா கிராங்க் சென்சார் சர்க்யூட். பி 0087ன்னா ஃப்யூயல் ரெயில்ல அழுத்தம் பத்தலை. கோடு வந்துடுச்சுன்னு உடனே பார்ட்டை மாத்திடாதீங்க, சென்சாருக்குப் போற ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடுதான் வரும். கோடே வரலைன்னாலும் வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை.

பார்ட் மாத்தினா பழைய பார்ட்டையும், ஜி.எஸ்.டி. பில்லையும் கையில வாங்கிக்குங்க. டீலர்கிட்ட வாங்கின வண்டின்னா இது இன்னும் முக்கியம். நின்ன தேதி, இழுத்துட்டு வந்த ரசீது, ஸ்கேன் போட்டோ எல்லாத்தையும் சேர்த்து டீலருக்கு எழுத்துல புகார் கொடுங்க, வாட்ஸ்அப் ஆனாலும் பரவாயில்லை. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். தெரிஞ்சவர், அக்கம்பக்கத்துக்காரர்னு தனிநபர்கிட்ட வாங்கியிருந்தா அந்த வழி கிடையாது. அங்க வாங்குறதுக்கு முன்னாடியே, ஏ.சி. போட்டு, இன்ஜின் நல்லா சூடாகுற வரைக்கும், ஒரு மணி நேரமாவது நீங்களே ஓட்டிப் பார்க்கணும். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினா சூடானதும் நிக்கிற வண்டி எதுவும் மாட்டாது.